மேடைக் கல் வந்த காலை

பிரவீன் முதல் ஷிப்டுக்கு எழும் நேரத்துக்கே எழுந்தான். பல் விளக்கினான். மோட்டாரைப் போட்டான். புதிதாகப் பூசிய சமையலறைச் சுவருக்கு ஓஸ் பிடித்துத் தண்ணீர் காட்டினான், மேலிருந்து கீழாக. காயவிட்டால் பூச்சு வெடித்துவிடும். இத்தனை நாள் இதைச் செய்தவள் அவன் மனைவி சந்திரலேகா. நேற்று மாலை அவளை எரித்துவிட்டு வந்திருந்தார்கள்.

வாசலில் ஷாமியானா இன்னும் பிரிக்கப்படவில்லை. பால் ஊற்றப் போக வேண்டிய ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருந்தார்கள். மாமியார் அம்சவல்லி பக்கத்து வீட்டு லீலாவின் கையைப் பிடித்திருந்தாள்.

"கடைசியா இன்னா சொன்னாடி?"

"நான் பார்க்கும்போதே பேச்சு இல்லக்கா. டைல்ஸ் பெட்டிங்க பக்கத்துல விழுந்து கெடந்தா."

நேற்றிலிருந்து அம்சவல்லி எல்லோரிடமும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸிடமும் கேட்டாள். பிரவீனிடம் மட்டும் இன்னும் கேட்கவில்லை. கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும். ஓஸைச் சுருட்டி வைத்துவிட்டு, அவள் கண்ணில் படாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தான்.

தெரு முனையில் ஒரு மினி லாரி ஹாரன் அடித்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில், எந்தச் சரக்கு எப்போது லைனுக்கு வர வேண்டும் என்று திட்டமிடுவது அவன் வேலை. முன்னால் வந்தால் இடத்தை அடைக்கும். பின்னால் வந்தால் லைன் நிற்கும். வடக்குப்பட்டில் அப்பா கட்டிய வீட்டைப் புதுப்பிக்கும் வேலையையும் அப்படியே நடத்தினான். மணல், டைல்ஸ், சமையல் மேடைக்குக் கல், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். கடைக்காரர்களிடம் ஒன்றுதான் சொல்லியிருந்தான். போன் பண்ணிக் கேட்காதீர்கள், மாற்றம் இருந்தால் நானே சொல்வேன், சொல்லாவிட்டால் வந்துவிடுங்கள்.

சொந்தக்காரர்களுக்கெல்லாம் சாவு சொன்னான். கல் கடைக்குச் சொல்லவில்லை.

லோடு வாங்க வீட்டில் ஆள் வேண்டும் என்று சந்திரலேகா தன் கம்பெனி வேலையை விட்டிருந்தாள். "உங்க கேட்டுக்கு ஒரு செக்யூரிட்டி. இந்த வூட்டு கேட்டுக்கு நான். எனக்கு ஓ.டி.யாவது போட்டுக் குடுப்பா" என்பாள்.

லாரி ஷாமியானாவுக்கு முன் நின்றது. இறங்கிய டிரைவர் இசக்கிபாண்டி, மதில் மேல் கட்டியிருந்த அஞ்சலி பேனரைப் பார்த்தான். முந்தாநாள் டைல்ஸ் கொண்டுவந்தவனும் அவன்தான்.

"அண்ணாச்சி, அக்காவா? முந்தாநாளு நல்லா நின்னுட்டுருந்தாவளே!"

அம்சவல்லி எழுந்து ஓடி வந்தாள். "நீ பாத்தியா நைனா? எம்பொண்ணு இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலியேம்மா. பெட்டிய நெழல்ல வையின்னாவ. ஒண்ணுல முனை ஒடஞ்சிருந்திச்சு. எங்க வீட்டுக்காரர் பாத்தா உன்னக் கூண்டுல ஏத்திருவாரு, அதை அடியில தள்ளுன்னு சிரிச்சாவ. மோர் தந்தாவ."

"சிரிச்சாளா?"

"சிரிச்சாவம்மா. நெத்தியில இறுக்கி ஒரு துணி கட்டிருந்தாவ. வெயிலுக்குன்னு நெனைச்சேன்."

பிரவீன் லாரியின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தீட்டு வூட்ல புதுசா எதையும் எறக்கக் கூடாதுப்பா, திருப்பி அனுப்பு" என்றார் ஒரு பெரியப்பா.

"எறக்கட்டும்" என்றாள் அம்சவல்லி. "அவ பாத்துப் பாத்து எடுத்த கல்லு."

நான்கு பேர் கயிற்றை அவிழ்த்தார்கள். கறுப்புக் கல், நீளமாக, மழைத் தண்ணீர் போலப் பளபளத்தது.

"எங்கன வைக்கணும் அண்ணாச்சி?"

பிரவீனுக்குத் தெரியவில்லை. சரக்கு வரும் நாளை அவன் குறிப்பான். இடத்தை அவள்தான் காட்டுவாள். கல்லைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றார்கள். கடைசியில் இசக்கிபாண்டியே மதிலோரமாக இரண்டு மரக்கட்டைகளைப் போட்டுச் சாய்த்து வைக்கச் சொன்னான். ரசீதில் கையெழுத்து கேட்காமலே வண்டியை எடுத்தான்.

அம்சவல்லி முந்தானையால் கல்லின் தூசியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"உன்கிட்ட போன்ல பேசுனாளே மாப்ள. இன்னா சொன்னா?"

"ஞாயித்துக்கெழம அம்மாவப் பாக்கப் போலாம்னா, அத்த."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவ வருவான்னுதான் கோழிய அடிக்காம வெச்சிருந்தேன்." போய் லீலாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னப் பாக்கணும்னுதான் சொல்லிக்கினு இருந்தாளாம்டி." லீலா அதைப் பின்னால் இருந்தவளிடம் சொன்னாள். அவள் இன்னொருத்தியிடம் சொன்னாள். நாற்காலி நாற்காலியாக அது போவதைப் பிரவீன் கேட்டுக்கொண்டிருந்தான். ஒருத்தி, "புண்ணியவதி, தாயை நெனச்சிக்கினே போயிருக்கா" என்றாள்.

"கெளம்பலாமா?" என்றார் பெரியப்பா. பால் செம்பை அவன் கையில் கொடுத்தார்கள். சுடுகாட்டுக்கு ஏரிக்கரை வழியாக நடந்தார்கள்.

தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். "கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா" என்று தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அன்று போனில் அவள்தான் கூப்பிட்டாள். லைன் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அவள் வாய் திறப்பதற்குள், டைல்ஸ் வந்துவிட்டதா என்று கேட்டான். அவள் சொன்னது இவ்வளவுதான்.

"வண்டி தெருவுல திரும்புதுப்பா. தல விண்ணு விண்ணுனு தெறிக்குது. எறக்கிட்டுப் படுத்துக்கறேன்."