கண்ணுக்குள் இறங்கும் மலை

கண்ணில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தேன். கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் போதும், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலை அப்படியே கழன்று என்னை நோக்கி இறங்கும். நான் ஓடிப்போய் ரோட்டில் நிற்பேன். மழை விட்டபிறகு பார்த்தால் மலை அதன் இடத்தில்தான் இருக்கும். நனைந்தவன் நான் மட்டும்தான்.

மலை இறங்குவது நானாகக் கற்பனை செய்தது இல்லை. தொண்ணூற்றெட்டாம் வருடம், இறம்பொடைப் பக்கத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்த தேயிலைத் தோட்டத்தில், நாலாம் நம்பர் மலை உண்மையாகவே ஒருமுறை இறங்கியது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் மண்ணுக்குள் போனார்கள். அதில் ஒருத்தி என் மனைவி ஐவி. அன்றிலிருந்து எட்டு வருடமாக ஒரு மழையும் விடாமல் ரோட்டில் நின்றேன்.

கொழும்பில் இருக்கும் மகள் டெல்சி, ஒன்று வைத்தியம் பாருங்கள், இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். கொழும்பு தட்டையான ஊர். அங்கே போனால் எனக்குப் பயப்படக்கூட ஒன்றும் இருக்காது. ஐவி வெள்ளையடித்த சுவரை விட்டு வர எனக்கு மனமில்லை. ஆகவே நுவரெலியாவுக்குப் போய்க் கண் கிளினிக் வரிசையில் உட்கார்ந்தேன். எழுத்து அட்டையைக் காட்டினார்கள். கடைசி வரியை வாசித்துவிட்டு, அதற்குக் கீழே அட்டையை அச்சடித்த அச்சகத்தின் விலாசத்தையும் வாசித்தேன். கண் நல்ல கண் என்றார் டொக்டர். பிறகு மலை இறங்கும் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனையை மூடினார், யோசித்தார், திரும்பத் திறந்து, ஹட்டனில் சனிக்கிழமைகளில் பிரைவட்டாகப் பார்க்கும் வேறொரு டொக்டரின் பெயரை எழுதித் தந்தார்.

ஊர்மிளா என்று பெயர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சுனாமியில் கடல் பொங்கிய வருடத்துக்குப் பிறகு இந்தக் கண்ணசைவு வைத்தியத்தைப் படித்தவராம். பிரைவட் என்றால் என்னவென்று அந்த அறையில்தான் விளங்கியது: முழுதாக ஒரு மணி நேரம், ஒரே ஓர் ஆளுக்கு. முன்னால் இருமுவதற்கு ஆளில்லை, பின்னால் இடிப்பதற்கு ஆளில்லை. அந்தச் சாமான் என் வீட்டிலேயே மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

முதல் நாள் அவருக்கு, இரத்தம் குடிக்கும் அட்டையைப் பற்றிய என் கதையைச் சொன்னேன். சீனி வருத்தம் உள்ள ஒரு தோட்டத் துரையைக் கடித்த அட்டைக்கும் சீனி வருத்தம் வந்து, அது பிறகு சீனி போடாத பிளேன்டீ குடிக்கிறவர்களை மட்டும் தேடிக் கடித்த கதை. தோட்டத்தில் அதற்குச் சிரிக்காதவர் கிடையாது. டொக்டர் சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டுவிட்டு, மழை வரும்போது கண்ணில் நிற்கும் படம் எது என்று கேட்டார். மலை இறங்குவது என்றேன்.

அவர் விளக்கம் சொன்னார். தாங்கமுடியாதது நடந்தால் மூளை அதைப் பழைய விஷயங்களோடு அடுக்கி வைக்காதாம். அது இன்னும் நடந்துகொண்டே இருப்பதாக நினைக்குமாம். படத்தை மனதில் வைத்துக்கொண்டு கண்ணை இடமும் வலமும் ஓட்டினால் கொஞ்சங்கொஞ்சமாகப் பழசாகுமாம். அழியாது, பழசாகும், அவ்வளவுதான்.

பிறகு இரண்டு விரலை நீட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துரை விரல் நீட்டினால் நிமிராமல் சப்பாத்தைப் பார்ப்பது எங்களுக்கு நாற்பது வருடப் பழக்கம்.

"என்ரை விரலைப் பாருங்கோ ஐயா," என்றார். "செருப்பிலை ஒண்டும் இல்லை."

பார்த்தேன். விரல் போனது, வந்தது, கண்ணும் கூடவே போய் வந்தது. நிறுத்தி மூச்சு விடச் சொன்னார். அந்தப் படம் பூச்சியத்திலிருந்து பத்து வரைக்கும் எவ்வளவு பாரமாக இருக்கிறது என்று கேட்டார். ஆறு என்றேன்.

ஊருக்குத் திரும்பியதும் சந்தியில் தேநீர்க்கடை வைத்திருக்கும் வீரய்யாவிடம் உண்மையை அப்படியே சொன்னேன். ஹட்டனில் ஓர் அம்மா விரலை ஆட்டுகிறார், நான் கண்ணை ஆட்டுகிறேன், மலை பின்வாங்குகிறது என்று. வீரய்யா சிரித்துச் சிரித்து வடைச் சட்டியைக் கருகவிட்டான். அட்டைக் கதையைவிட இது நல்லா இருக்குண்ணே என்றான். அதன்பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு ஐந்தானது, நாலானது. ஏழாவது சனிக்கிழமை இரண்டு என்றேன். இன்னும் ஒன்றிரண்டு தரம் வந்தால் போதும் என்றார் டொக்டர். நானும் நம்பித்தான் பஸ் ஏறினேன். நானுஓயாவைத் தாண்டியதும் மழை பிடித்தது. பஸ்ஸின் கூரையும் தகரம்தானே. நடுவழியில் இறங்கி ரோட்டில் நின்றேன். கண்டக்டர் கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மணியை அடித்தான். பஸ் போய்விட்டது. அந்த ரோட்டில் நானும் மழையும்தான்.

அடுத்த சனிக்கிழமை உட்காருவதற்கு முன்பே சொன்னேன்.

"டொக்டரம்மா, நான் சொன்ன நிறை சரியில்லைங்க."

"என்ன நிறை ஐயா?"

மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு இரண்டு கிலோ கழிப்போம், மழை நாளில் ஈரத்துக்கு இன்னுமோர் இரண்டு கழிப்போம். கூடையை இறக்கியவளுடைய முழு நிறையை நான் என் காலத்தில் எழுதியதே இல்லை. பாரம் எவ்வளவு என்று கேட்டதும் கை தன்பாட்டில் நாலைக் கழித்துவிட்டது. இதையெல்லாம் சொன்னேன்.

டொக்டர் தன் கொப்பியைப் பார்த்தார். "அப்ப முதல் நாள் ஆறு எண்டது பத்தோ?"

"ஆமாங்க. ரெண்டுன்னது ஆறுங்க. பஸ்ஸுல திரும்பப் பத்துங்க."

அவர் கொப்பியை மூடினார். "படத்திலையும் ஏதும் கழிச்சு வைச்சிருக்கிறியளோ, ஐயா?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் செருப்பைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

மலை இறங்கியதை நான் பார்க்கவேயில்லை. அப்போது மடுவத்தில் தராசு துடைத்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்தது காலையில் ஆட்கள் கூடும் பெரட்டு. நான் ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது ஐவி முன்னால் வந்து, இவ்வளவு மழையிலும் நாலாம் நம்பர் மலையின் வடிகால் கானில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடவில்லை, தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டாள். நல்ல கேள்வி. மண்ணுக்குள்தான் போய்க்கொண்டிருந்தது.

"எங்கிட்டயே கதை விடுறியான்னு கேட்டேங்க," என்றேன். "எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சுட்டு மேல ஏறிட்டா."

டொக்டர் நாற்காலியைக் கிட்ட இழுத்தார். அந்தச் சிரிப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கோ என்று மட்டும் சொல்லி விரலை நீட்டினார். அன்றுதான் வைத்தியம் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். மலை வரவில்லை. பெரட்டுக்களம் வந்தது, நனைந்த படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஐவி சிரித்தாள், விரல் போனது, வந்தது, அவள் திரும்பி ஏறத் தொடங்கினாள். எவ்வளவு என்று கேட்டார். பத்து என்றேன், கழிக்காமல்.

அது மாசியில். சித்திரையில் ஒரு பின்னேரம் நல்ல மழை. தகரம் அதிர்ந்தது. எழுந்து வாசல்வரை போனேன், நின்றேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன். முழு நிறை நாலுதான் இருக்கும். டெல்சிக்கு வீட்டைப் பூட்டத் தேவையில்லை என்று சொல்லலாம்.

மழை பெய்துகொண்டே இருந்தது. வீடு எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மழைக்கெல்லாம் வெளியே ஓடியவனுக்கு உள்ளே ஒருவரும் இல்லை என்பது எப்படித் தெரியும்? அதற்குக் கண்ணை எந்தப் பக்கம் ஓட்டுவது என்று சனிக்கிழமை டொக்டரிடம் கேட்க வேண்டும்.