பீர் முகைதீன் பெயரில் ஒருவர்

ரஷாத் கனானை வீட்டில் வைத்தது என் புத்தி கெட்ட வேலை. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். பாலஸ்தீன இயக்கம் ஒன்றின் தலைவர் அவர். எதிரியும் தேடினான், சொந்த ஆட்களும் தேடினார்கள். 1990-ல் பாங்காக் வியாபாரி ஒருவரின் கடிதத்தோடு ரங்கூன் வந்து, லத்தா பேட்டையில் என் குடைக்கடைக்கு மேலே இருந்த எங்கள் வீட்டில் தங்கினார். ஒருநாள் காஸாவுக்குத் திரும்பி மகள் ஸமீராவைப் பார்க்க வேண்டும். அதைத் தவிர அவர் எதுவும் கேட்டதில்லை.

இங்கே விருந்தாளி ஒரு ராத்திரி தங்கினாலும் வார்டு ஆபீஸில் பெயர் கொடுக்க வேண்டும். அவர் பெயரைக் கொடுத்தால் மறுநாளே கதை முடிந்துவிடும். எண்பத்தெட்டு ஆகஸ்டில் ராணுவ ஆட்சியை எதிர்த்த ஊர்வலக் கூட்டத்தோடு போன என் காக்கா, என் கூடப் பிறந்த மூத்தவர் பீர் முகைதீன், திரும்பவே இல்லை. வீட்டுப் பட்டியலில் அவர் பெயரை அடிக்க அவர் மனைவி, மதினி சுல்தான் பீவி விடவில்லை. அடித்தால் மவுத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். பீரோவிலிருந்த காக்காவின் அடையாள அட்டையை எடுத்து ரஷாதிடம் கொடுத்தேன். இனி நீங்கள்தான் பீர் முகைதீன் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

காக்காவுக்கும் அவருக்கும் மூக்குகூட ஒத்துப்போகாது. இருவருக்கும் இருந்த தாடியை நம்பித்தான் வார்டு ஆபீஸுக்குக் கூட்டிப்போனேன். வார்டு அதிகாரி அட்டையையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, படம் அச்சு அசலாக இருக்கிறதே என்றார். பிழைத்தோம் என்று வீட்டுக்கு வந்து அட்டையைப் பார்த்தேன். அதிகாரி சொன்னது உண்மைதான்; படத்தில் இருந்தது ரஷாதின் முகம்.

இரண்டாம் வருஷம் அவருக்குத் தமிழ் வந்துவிட்டது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. காக்காவின் தமிழ், அதே இழுப்பு. அந்நிய ஆண் என்று மதினி அவர் முன்னால் வரமாட்டார். அடுப்படி வாசல் திரைக்குக் கீழே தட்டைத் தள்ளிவிடுவதோடு சரி. ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திரையைப் பார்த்து, "சுல்தாம்மா, மீன்ல புளி கூடிப்போச்சு" என்றார்.

காக்கா மட்டுமே கூப்பிடும் பெயர் அது. மறுவாரம் பார்த்தால் திரையைக் காணோம். துவைத்து மடித்துவிட்டேன் என்றார் மதினி, என் முகத்தைப் பார்க்காமல். அன்று அவர் தலையில் பூ இருந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உங்கள் பெயர் ரஷாத், உங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று தினமும் அவர் காதில் ஓதினேன். பக்கத்து வீட்டுச் சேதி கேட்பதுபோல மரியாதையாகத் தலையாட்டுவார்.

1994-ல், சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு, பாலஸ்தீனத் தலைவர்கள் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். ஒரு காலையில் காஸாவிலிருந்து இளைஞன் ஒருவன் விமான டிக்கெட்டோடும் ஸமீராவின் படத்தோடும் வந்தான். அவன் ரஷாதை நேரில் பார்த்தவனில்லை. அப்பாடா என்று மேலே கூட்டிப்போனேன். அவன் அரபியில் ஏதோ சொல்லிப் படத்தை நீட்டினான். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். ஒரு துளி கண்ணீர் விழுந்தது. ஏன் விழுந்தது என்று அவருக்கே புரியாதவர்போல் துடைத்துக்கொண்டார்.

"அந்த மனுசன் கூட்டத்தோட போனவருதான், தம்பி. திரும்பி வரல" என்றார், காக்காவின் தமிழில்.

இளைஞன் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டான், இவர் யார் என்று. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரு பெண்ணுக்கு அப்பா கிடைப்பார். அடுப்படி வாசலில் மதினி நின்றிருந்தார், நிலையைப் பிடித்தபடி. ஆறு வருஷத்துக்கு முன் காக்காவுக்காக வாசலில் காத்து நின்றபோதும் இப்படித்தான் நிலையைப் பிடித்திருந்தார்.

"என் காக்கா" என்றேன்.