உத்திராபதியைக் கூப்பிட்ட குரல்

"அழுதாங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"முதல்ல அமைதியாத்தான் இருந்தாங்கக்கா. அந்தம்மா பனியில மண்டி போடுற வரைக்கும் ஒரு இருமல்கூட இல்ல."

"அப்புறம்?"

ஜெயபிரகாஷ் வண்டிச் சாவியை விரலில் சுற்றினான். "அப்புறம் உங்க குரல் வந்துச்சு. 'ஏ உத்திராபதி, சோறு ஆறுதுடா, எந்திரிச்சு வாடா'ன்னு. பின்வரிசையில ஒருத்தன் 'தோ வரேம்மா'ன்னான். அவ்வளவுதான், தியேட்டரே சிரிச்சிடுச்சு."

மங்கையர்க்கரசி நெரவியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கவுன்ட்டருக்குள் உட்கார்ந்திருந்தாள். வெளியே உரத்துக்கு வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். ரப்பர் ஸ்டாம்பை மைப்பெட்டியில் அழுத்தியவள், எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"எப்ப நிறுத்தினாங்க?"

"எங்க நிறுத்தினாங்க. படம் முடிஞ்சு வெளிய வந்தும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "மனசுல வச்சுக்காதீங்கக்கா. மத்தியானக் காட்சிக்குக் கூட்டம் தாங்கல."

உப்புக்காற்று பிலிம்ஸுக்கு அது நான்காவது படம். கம்பெனியை ஆரம்பித்தவன் கியோம். காரைக்காலிலிருந்து போய்ப் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரின் மகன், பிரான்சில் துலூஸில் வளர்ந்தவன். தாத்தா வீட்டை விற்பதற்காகக் காரைக்கால் வந்தவன், விற்காமல் தங்கிவிட்டான். பெரிய விநியோகஸ்தர்கள் தொடாத வெளிநாட்டுப் படங்களை வாங்கி, டெல்டா மக்களுக்கு அவர்கள் பேச்சிலேயே காட்ட வேண்டும் என்பது அவன் கனவு. "டப்பிங் படத்துல எல்லாரும் செய்தி வாசிக்கிற மாதிரி பேசறாங்க. கடல்ல போறவன் கடல்ல போறவன் மாதிரி பேசணும்" என்பான். படங்களுக்குத் தியேட்டர் பிடித்துக்கொடுத்த விழிதியூர் ஜெயபிரகாஷுக்கு நாகப்பட்டினத்திலிருந்து கும்பகோணம் வரை எல்லாத் தியேட்டர் முதலாளிகளையும் தெரியும். அவன் கியோமை முகத்துக்கு நேராகவே 'தொரை' என்று கூப்பிட்டான்.

ஜெயபிரகாஷின் பயிர்க்கடன் விஷயமாகச் சங்கத்துக்கு ஒருநாள் கூடவே வந்த கியோம், பாஸ்புத்தகத்தை மறந்துவிட்டு வந்த ஒரு பெரியவரை மங்கையர்க்கரசி திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டான். கடைசியில் வந்து, "அக்கா, இந்தக் குரல் எனக்கு வேணும்" என்றான். அவளுக்கு அன்று முழுவதும் சிரிப்பாக இருந்தது.

முதல் படம், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றியது. எங்கோ பிரான்சின் வடக்குக் கரை. கிளிஞ்சல்மேட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரை கட்டிக் காட்டினார்கள். "வலையை அப்படி இழுத்தா கிழியும்டா" என்று திரையைப் பார்த்து ஒருவர் அதட்டினார். கிழிந்தது. "சொன்னேன்ல" என்றார். அந்த நாட்களில், தடித்த கோட்டு போட்ட மனிதர்கள் காரைக்கால் பேச்சுப் பேசியதைக் கேட்கும்போது, யாரோ கடலைப் போர்வைபோல் மடித்து அந்தக் கரையையும் இந்தக் கரையையும் ஒட்டவைத்துவிட்டது போலிருந்தது. காலைக் காட்சி மட்டும் கொடுத்த தியேட்டர்கள் முழு நாளும் கொடுத்தன. சென்னையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் படம் பார்க்கப் பஸ் ஏறி வந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் மங்கையர்க்கரசியைக் கடற்கரையில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

நான்காவது படத்துக்கு முந்தைய வருடம் அவள் மகன் இறந்துபோனான். கல்யாணமாகி எட்டு வருடம் பிள்ளையில்லாமல், திருச்செங்காட்டங்குடியில் சித்திரைப் பரணிக்குப் பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டுப் பிறந்தவன். அதனால் அந்தச் சாமி பேரையே, உத்திராபதி என்று, வைத்தார்கள். "ஏம்மா இவ்வளவு பழைய பேரு?" என்று கல்லூரி சேர்ந்த அன்றுகூடக் கேட்டான். கோவில்பத்துத் திருப்பத்தில் மணல் லாரி.

அந்தப் படத்திலும் ஒரு தாய். பனி மூடிய கிராமத்தில் மகனைப் புதைக்கிறாள். கேமராவுக்கு முதுகைக் காட்டி அழுகிறாள். உதட்டசைவுக்குப் பேச வேண்டியதில்லை. கியோம் வீட்டின் உள்ளறையில், சுவரெல்லாம் மெத்தை அடித்து, சத்தம் வருமென்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். 'லூக்கா, என் செல்லமே, என்னை விட்டுப் போய்விட்டாயே' என்று வசனத்தாளில் எழுதியிருந்தது. அவளுக்கு வரவில்லை. எத்தனை முறை சொன்னாலும் கவுன்ட்டரில் பேசுவது போலவே இருந்தது.

கியோம் கதவைத் திறந்து உள்ளே வந்தான். "அக்கா, அன்னைக்கு உங்க வீட்டுல என்ன சொன்னீங்களோ, அதையே சொல்லுங்க."

என்ன கேட்கிறோம் என்று தெரிந்துதான் கேட்டான். அவளும் தெரிந்துதான் சொன்னாள். முடிந்தபோது அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பேரை மாத்திடலாமா தம்பி?"

"மாத்தினா பொய்யாயிடும்."

அவள் வற்புறுத்தவில்லை. அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. மன்னார்குடியில், கும்பகோணத்தில், அவனைப் பார்த்தே இராதவர்கள், இருட்டில் உட்கார்ந்து அவனுக்காக ஒரு முறை அழுவார்கள்.

சிரித்தார்கள். கியோம் இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு வந்தான். ஜெயபிரகாஷ் புதிதாகப் படம் கேட்கும் தியேட்டர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னான். "தொரை, அழுவறதுக்கு எவன் டிக்கெட் எடுக்கறான்? வீட்டுலயே ஓசியில அழுவுறான்." அடுத்த வாரம் புதுப் போஸ்டர் வந்தது. பனியில் மண்டியிட்ட வெள்ளைக்காரி. கீழே மஞ்சள் எழுத்தில் 'உத்திராபதி எங்கே?'

அந்தத் துண்டுக் காட்சி எல்லோர் போனுக்கும் போனது. கிரிக்கெட்டில் யாராவது அவுட் ஆனால் அதைப் போட்டார்கள். மாப்பிள்ளை வர நேரமான மண்டபங்களில் மைக்கில் போட்டார்கள். வரிசையில் நின்ற இளவட்டங்கள் கவுன்ட்டருக்கு வந்ததும், "சோறு ஆறிடுச்சாக்கா?" என்றார்கள். அவள் கணவன் செல்லையன் ஒருநாள் திருநள்ளாற்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான். முன்சீட்டுப் பையன் போனில் மங்கையர்க்கரசி அழுதாள். பையன் திரும்பத் திரும்ப அழவைத்தான். செல்லையன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"நம்ம புள்ளையை ஏன் அங்க கூட்டிட்டுப் போன?" என்றான். அதற்குப் பிறகு அவளோடு அதிகம் பேசவில்லை.

அவள் கியோமிடம் போய் நிறுத்தச் சொன்னாள். "உங்க குரல் எவ்வளவு தூரம் போயிருக்கு தெரியுமாக்கா?" என்றான் அவன். பெருமையோடுதான் சொன்னான்.

ஐந்தாவது படத்துக்குச் சிரிக்க வந்தார்கள். அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, தியேட்டர் இருக்கைகளைக் கிழித்தார்கள். கிளிஞ்சல்மேட்டில் மண்டபத்தை வாடகைக்குத் தர மறுத்துவிட்டார்கள். "சாவை வச்சுச் சிரிக்கவைக்கிறானுவோ. நாளைக்கு எங்க வூட்டுச் சாவையும் படம்னு போடுவானுவோ" என்று அந்த ஊர்ப் பெண்கள் சொன்னதாக ஜெயபிரகாஷ் சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தத் துண்டுக் காட்சி எப்படியோ அந்த நான்காவது படத்தை எடுத்த வெளிநாட்டு இயக்குநர் அம்மாள் கண்ணிலும் பட்டது. அவள் தன் படத்தைத் திரும்பப் பெற்றாள். மற்றப் படங்களை எடுத்தவர்களும் ஒவ்வொருவராகப் பெற்றார்கள். ஒரு மழைக்காலத்துக்குள் காட்டுவதற்குக் கம்பெனியிடம் படமே இல்லை. ஜெயபிரகாஷ் சென்னையில் ஒரு காமெடி சேனலுக்கு வேலைக்குப் போனான்.

கியோம் பிரான்சுக்குத் திரும்பப்போகிறான் என்று கேள்விப்பட்டு, வேலை முடிந்ததும் மங்கையர்க்கரசி அவன் வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. அவன் தரையில் உட்கார்ந்து மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"ஜெயபிரகாஷ் சொன்னது நெசமா? என் குரலை அந்தச் சேனலுக்குக் குடுக்கப்போறீங்களாமே."

"படம்தான் போயிடுச்சு. குரல் நம்ம கம்பெனியோடதுதானேக்கா. நீங்க கையெழுத்துப் போட்டது ஞாபகமிருக்கும்."

"குடுக்கக் கூடாதுன்னு சொல்ல வரல. அந்தப் பேரை மட்டும் எடுத்துட்டுக் குடுங்க."

கியோம் ஒயரைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "அவங்க கேக்கறதே அந்தப் பேரைத்தான். அது இல்லாட்டி வேணாமாம். பொம்மையில வச்சு விக்கப் போறாங்க. அமுக்கினா கூப்பிடுமாம்."

அவள் கைப்பையை ஒரு பெட்டியின் மேல் வைத்தாள். உள்ளறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். சுவரில் மெத்தைகள் இன்னும் பிரிக்கப்படவில்லை. அவளே போய் மின்விசிறியை நிறுத்தினாள்.

"தம்பி, அந்த ஒயரைக் கொண்டாந்து மாட்டுங்க. சிரிக்கிற மாதிரி வேற ஏதாச்சும் பேரைச் சொல்லுங்க, எந்தப் பேரா இருந்தாலும் சரி. அன்னைக்கு அழுததைவிட நல்லாவே அழுது தரேன், அவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. இவனை மட்டும் விட்டுடுங்க."