பன்னிரண்டாவது போர்வை

செக்கிங் அக்கா என்றுதான் அந்தக் குடியிருப்பின் நான்கு மாடியிலும் அவளைக் கூப்பிட்டார்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் செக்கிங் மேசையில் முப்பத்தோரு வருஷம் நின்றவள். தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, தப்பு இருக்கும் இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அந்த ரகம். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. வரும்போது தையல் பிரிக்கும் ரிப்பர் ஒன்றைக் கையோடு கொண்டு வந்தாள். அந்தக் கண்ணை மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

கணவர் பதினாறு வருஷத்துக்கு முன்பே தன் தம்பி வீட்டோடு போய்விட்டார். அடிதடி இல்லை, கூச்சல் இல்லை. போகிற அன்று ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் மடிச்சு வச்ச துண்ட நீ ஒரு தடவையாவது திரும்ப மடிக்காம விட்டிருக்கியா?"

அவள் நன்றாக யோசித்துப் பார்த்து, இல்லை என்று தெரிந்தபோது அவர் தெருமுனையைத் தாண்டியிருந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே துண்டுதான். அது எப்போதும் சரியாக மடிந்தே இருக்கிறது.

போர்வை யோசனை இரண்டாம் மாடி மருந்துக்கடைக்காரியுடையது. "லிஃப்ட்ல பாத்துப் பல்லக் காட்டிட்டுப் போறோம், அவ்ளோதான். உருப்படியா எதாவது சேர்ந்து செய்யலாமே" என்றாள். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். சீட்டுப் பிடிக்கிற மாதிரிதான், பணத்துக்குப் பதில் துணி. ஒரு மாதம் ஒருத்தியின் முறை. அவள் நிறத்தையும் மாதிரியையும் சொல்லி, எல்லோருக்கும் துணி கொடுப்பாள். மற்ற பதினொரு பேரும் அந்தத் துணியை வெட்டித் துண்டு துண்டாக ஒட்டுப்போட்டு, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி ஒரு கட்டம் தைத்துத் தர வேண்டும். அவளுடையதையும் சேர்த்தால் பன்னிரண்டு கட்டம். நாலு வரிசை, வரிசைக்கு மூன்று. எல்லாவற்றையும் இணைத்து, நடுவே பஞ்சு வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்தால் ஒரு போர்வை. வருஷம் முடியும்போது பன்னிரண்டு வீட்டிலும் பன்னிரண்டு போர்வை இருக்கும்.

யாருக்கு எந்த மாதம் என்று குலுக்கிப் போடும்போது, "என் பேரப் போடாதீங்க. நான் கடைசியா எடுத்துக்கறேன். எனக்கென்ன அவசரம்" என்றாள் செக்கிங் அக்கா.

பச்சைப் பொய். அங்கிருந்த பன்னிரண்டு பேரில் அந்தப் போர்வைக்கு அவ்வளவு ஏங்கியது அவள் ஒருத்திதான். அவள் வீட்டுத் திரை, மெத்தை விரிப்பு, தலையணை உறை, கால்மிதி எல்லாம் அவளே தைத்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் கையே அவளைப் பார்த்தது. வேறு யாரோ தனக்காக உட்கார்ந்து, தன்னை நினைத்து ஊசி போட்ட ஒரு பொருள் வேண்டும், அதைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஆசைப்படுவதை வெளியே காட்டிக்கொள்வது அவளுக்குப் பழக்கமில்லை.

கட்டங்களை வாங்கிச் சேர்த்து வைக்கும் பொறுப்பும் அவள் தலையில்தான் விழுந்தது. முதல் மாதமே மருந்துக்கடைக்காரியின் கட்டத்தில் ஒரு மூலை அரை இஞ்ச் இழுத்துக்கொண்டு நின்றது. இதை அப்படியே கொடுத்தால் பாவம், போர்வையே கோணிப் போகும் என்று நினைத்து ரிப்பரை எடுத்தாள். பிரித்தாள், தைத்தாள், இஸ்திரி போட்டாள், வாயைத் திறக்கவில்லை. போர்வை முடிந்து பொது அறையில் விரித்தபோது, "அடேயப்பா, கடையில வாங்குன மாதிரில்ல இருக்கு!" என்று எல்லோரும் வாய் பிளந்தார்கள். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த மாதம் மூன்று கட்டங்களைப் பிரித்தாள். ஐந்தாம் மாதத்துக்கு வந்தபோது ஒன்று விடாமல் எல்லாவற்றையும் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். சரியாக இருந்ததையும்தான். சரியாக இருப்பதற்கும் சுத்தமாக இருப்பதற்கும் வித்தியாசம் உண்டல்லவா!

பத்தாம் மாதத்தில் வந்த கட்டங்கள் சில, தற்காலிகமாக ஓட்டும் டாக்கா போட்ட மாதிரி நீள நீளத் தையலில் தொளதொளவென்று வந்தன. அவசரத்தில் தைத்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை. செக்கிங் மேசையில் யோசிக்கிற வழக்கம் இல்லை, பார்க்கிற வழக்கம்தான்.

பன்னிரண்டாம் மாதம் வந்தது. இருக்கிற மாதிரிகளிலேயே சுலபமானதாகத் தேடி எடுத்தாள். ஒன்பது சதுரம், ஐந்து நீலம், நாலு மஞ்சள். யாருக்கும் கஷ்டம் வேண்டாம் என்பது ஒன்று, கஷ்டம் என்று சாக்குச் சொல்லி யாரும் நழுவக்கூடாது என்பது இன்னொன்று. தன் பங்குக் கட்டத்தை முதல் நாளே தைத்து முடித்துவிட்டு, கட்டிலைக் காலி செய்து வைத்துக் காத்திருந்தாள்.

சனிக்கிழமை மதியம்தான் எல்லோரும் கொண்டுவரும் நாள். வேன்காரி மட்டும் புதன்கிழமையே வந்து மணி அடித்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், முதல் மாடிக்காரி. யாரோ வீடு மாறிப் போனதால் ஒன்பதாம் மாதம் வந்து சேர்ந்தவள். இதுவரை அவள் பங்கை அவள் அண்ணிதான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழம எனக்கு வெளியூர் ட்ரிப் இருக்குக்கா. அதான் இப்பவே கொண்டாந்துட்டேன்." உறையை நீட்டியவள் விரல்களில் இரண்டு பிளாஸ்திரி. "இந்தத் தடவ அண்ணி தொடவே இல்ல. நானே தச்சேன். மெஷின்லாம் இல்ல, கையாலதான். ஸ்டியரிங் பிடிக்கிற கை, ஊசியப் பிடிக்கவே மாட்டேங்குது! சிரிக்காதீங்க."

"சிரிக்கல. உள்ள வாயேன், டீ போடறேன்."

"வேன் ரோட்டுல நிக்குதுக்கா. இன்னொரு நாள் வரேன்."

செக்கிங் அக்கா கதவைச் சாத்திவிட்டு உறையைப் பிரித்தாள். ஒரு தையலாவது நேராகப் போக வேண்டுமே! நீலத் துணியில் ரோஸ் நூல். கையில் கிடைத்த நூலைக் கோத்திருக்கிறாள். சதுரங்களின் மூலைகள் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. ஒரு தையல் பாதி வழியில் தடம் மாறி, சுதாரித்துக்கொண்டு திரும்பி வந்திருந்தது. செக்கிங் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஒரு மூலையை மட்டும் சரிசெய்வோம் என்று உட்கார்ந்தாள். அவள் எழுந்தபோது எட்டுத் தையலும் பிரிந்து, எட்டும் மெஷினில் புதிதாகப் போட்டு, நீராவி இஸ்திரியும் ஆகியிருந்தது. கைக்கு அது பழகிப்போன வேலை. கட்டிலில் தன் கட்டத்துக்குப் பக்கத்தில் அதை வைத்து, விளிம்பும் விளிம்பும் மயிரிழை பிசகாமல் சேர்வதைப் பார்த்துத் திருப்திப்பட்டாள்.

சனிக்கிழமை கீழே பொது அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மேசை மேல் பத்துப் பைகள். ஒவ்வொன்றும் ரிப்பன் கட்டி, அழகாகத்தான் இருந்தது. மருந்துக்கடைக்காரியின் பையை முதலில் பிரித்தாள். உள்ளே ஐந்து நீலச் சதுரம், நாலு மஞ்சள் சதுரம். வெட்டி, அடுக்கி, ஒரு குண்டூசி குத்தி வைத்திருந்தது. தைக்கவில்லை.

அடுத்த பை. அதுவும் அப்படியே. மூன்றாவதும்.

"என்ன இது?" என்றாள்.

மருந்துக்கடைக்காரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எத்தன நாளைக்குக்கா எங்ககிட்ட மறைப்பீங்க? என் போர்வையத் துவைச்சப்பவே பாத்துட்டேன், பத்துப் பேர் தச்ச மாதிரி இல்ல, பத்துலயும் ஒரே கை. நாங்க தைக்கறத நீங்க உக்காந்து பிரிக்கிறீங்க, திரும்பத் தைக்கிறீங்க. பாவம், டபுள் வேல. அதான் இந்த மாசமாவது உங்களுக்குப் பிரிக்கிற வேல இல்லாமப் பண்ணிடலாம்னு எல்லாரும் பேசி முடிவு பண்ணோம்."

"அளவு மட்டும் கரெக்டா வெட்டிருக்கோம்க்கா. ஸ்கேல் வச்சு" என்றாள் நாலாம் மாடி டீச்சர், பரீட்சை எழுதி முடித்த பிள்ளை மாதிரி.

குத்தல் இல்லை, கேலி இல்லை. அன்பாகத்தான் செய்திருந்தார்கள். அதுதான் அவளை அடித்துப் போட்டது. கோபப்படுவதற்கு ஒரு இடம் கூட விடவில்லை. "நல்ல யோசன" என்று சொன்னாள். "ரொம்ப நல்ல யோசன" என்று இன்னொரு தடவையும் சொன்னாள். அளவு சரியாக இருக்கிறதா என்று டீச்சர் கேட்டதற்கு, இருக்கிறது என்றாள். பத்துப் பைகளையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

கட்டிலில் பைகளை வரிசையாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினொரு வீட்டில் பதினொரு போர்வை இருக்கிறது. பதினொன்றும் அவள் தைத்தது. பக்கத்து வீட்டு விரலை விலக்கிவிட்டுத் தன் விரலைப் பதித்து வைத்துவிட்டு, இப்போது எனக்கு யார் கை என்று தேடினால் யார் கை கிடைக்கும்? பன்னிரண்டாவதையும் அவளே தைத்துக்கொள்ள வேண்டியதுதான். இன்னொரு மெத்தை விரிப்பு.

அப்போதுதான் வேன்காரியின் ஞாபகம் வந்தது. அவள் புதுசு. இவர்கள் கூடிப் பேசியது எதுவும் அவளுக்குத் தெரியாது. அவள் தைத்தாள். பிளாஸ்திரி போட்டுக்கொண்டு, உட்கார்ந்து, ஒருத்திக்காகத் தைத்தாள். கட்டிலில் கிடந்த அந்தக் கட்டத்தை வாரி எடுத்தாள். திருப்பினாள். பின்பக்கத்தில் நீல நூல், இஞ்சுக்குப் பன்னிரண்டு தையல், நூல் பிடித்த மாதிரி நேர்கோடு. அவளுடைய தையல்.

"அடிப்பாவி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். வேறு யாரையும் சொல்வதற்கு இல்லை.

நூல் குப்பை போடும் டப்பாவைக் கவிழ்த்தாள். ரோஸ் நூல் கிடந்தது, விரல்கடை நீளத்தில் சுருண்டு சுருண்டு, எதற்கும் ஆகாத துணுக்குகளாக. கட்டத்தை ஜன்னலுக்கு எடுத்துப் போய் மாலை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். முப்பத்தோரு வருஷத்துக் கண் வீண் போகவில்லை. அவளுடைய மெஷின் தையலுக்குப் பக்கத்தில், உள்ளே ஒதுங்கியும் வெளியே போயும், பெரிய பெரிய துளைகள் தெரிந்தன. தடித்த ஊசி, கை ஊசி. நூலைப் பிரித்தாலும் துணி சீக்கிரம் மறப்பதில்லை. துணி ஓரத்தை வெட்டித் திருத்தாமல் விட்டிருந்தது அவள் நல்ல நேரம்.

ரிப்பரை எடுத்துத் தன் தையலைப் பிரித்தாள். தன் நூல் பெட்டியில் வேறு ரோஸ் நூலைத் தேடிப் பிடித்துத் தடித்த ஊசியில் கோத்தாள். ஒரு துளையில் இறங்கி அடுத்த துளையில் ஏறினாள். கை ஒவ்வொரு தடவையும் நேராகப் போகப் பார்த்தது. இழுத்துப் பிடித்துக் கோணலில் நடத்தினாள். தடம் மாறிப் போன இடத்தில் அவளும் தடம் மாறி, வேன்காரி திரும்பிய இடத்தில் திரும்பினாள். இந்த இடத்தில் ஊசி விரலைக் குத்தியிருக்கும் போல, சின்னதாக ஒரு கறை. ஆறு சின்னத் தையலும் முடிந்தது. நீளத் தையல் இரண்டில் ஒன்றும் முடிந்தது. கடைசித் தையலுக்கு வந்தபோது துளையைக் காணோம். அவள் போட்ட நீராவி இஸ்திரி அந்த இடத்தில் அழுத்தி உட்கார்ந்திருக்கிறது. துணி இறுகி, எல்லாம் மூடிப் போயிருந்தது. வெயிலில் எப்படிப் பிடித்துப் பார்த்தாலும் தெரியவில்லை.

கட்டம் இரண்டு பாதியாகக் கையில் இருக்க, முதல் மாடிக்கு இறங்கி மணியை அடித்தாள். வேன்காரி அப்போதுதான் வந்திருந்தாள். காலில் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. செக்கிங் அக்கா கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"பிரிச்சுட்டீங்களா?"

"பிரிச்சுட்டேன்." யாரிடமும் அவள் சொல்லாத வார்த்தை அது.

"அவ்ளோ மோசமாவா இருந்துச்சு?"

"மோசம்லாம் இல்லம்மா. எனக்குக் கை நிக்காது. நீ தச்சது மாதிரியே திரும்பத் தச்சுட்டிருக்கேன், பாரு, ஓட்ட தெரிஞ்சுது. இந்த ஒரு தையல் மட்டும் மூடிடுச்சு. இதுல நீ எப்படிப் போனேன்னு தெரியல. கொஞ்சம் சொல்லேன்."

வேன்காரி இரண்டு பாதியையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் வருத்தம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"எனக்கு எப்படிக்கா தெரியும்? கோணலப் பாத்துப் பாத்தா போட்டேன்? நேராப் போறதா நெனச்சுத்தான் போட்டேன்."

செக்கிங் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. வாசலில் நின்றபடியே, பொட்டுப் பொட்டாக, துடைக்காமல் அழுதாள். வேன்காரி இரண்டு பாதியையும் சேர்த்து மடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு முடியாதுக்கா, காலைல நாலு மணிலேர்ந்து வண்டிலதான் இருந்தேன். விட்டுட்டுப் போங்க. எப்ப முடியுதோ தச்சுத் தரேன். எப்பன்னு சொல்ல முடியாது." பிறகு செக்கிங் அக்காவின் வலது கையைப் பார்த்தாள். "அதையும் குடுத்துட்டுப் போங்க."

ரிப்பரைப் பிடித்துக்கொண்டே இரண்டு மாடி இறங்கி வந்திருப்பது அப்போதுதான் செக்கிங் அக்காவுக்குத் தெரிந்தது. பிடி தேய்ந்து, அவள் கட்டைவிரலுக்கு ஏற்றபடி குழிந்திருந்தது. மூடியைப் போட்டு நீட்டினாள். வேன்காரி அதை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

மேலே வந்து விளக்கைப் போட்டாள். கட்டிலில் அவள் கட்டம் ஒன்று, பத்துப் பைகள். நாளைக்குப் பத்துக் கதவையும் தட்டி, எப்படி வேண்டுமானாலும் தைத்துக் கொடுங்கள், நான் தொடவே மாட்டேன் என்று சொல்ல வேண்டும். எத்தனை பேர் நம்புவார்கள் என்று தெரியவில்லை. அவளே முழுசாக நம்பவில்லை. கடைசிப் பை சரிந்து, உள்ளே இருந்த சதுரங்கள் விரிப்பில் கலைந்து கிடந்தன. அடுக்கி வைக்கக் கை போயிற்று. பாதியில் நிறுத்தி, கையை மடியில் வைத்துக்கொண்டாள். சதுரங்கள் அப்படியே கிடந்தன.