பதினொன்றோடு நிறுத்து

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, திருடினேன். கராகண்டா என்ற சுரங்க நகரில், எங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. அங்கே கடைசி வரிசையில், முட்டிவலியைச் சாக்கு வைத்துப் பாதி எழுந்து பாதி உட்கார்ந்துகொண்டிருந்தவள் நான்தான். உரியவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "குல்யாஷின் கணவர் தோம்ப்ராவை மடியில் வைத்து அதன் இரண்டு தந்திகளை மீட்டினால் புல்வெளியே..."

வேண்டாம். புல்வெளி என்றாலே எனக்கு வர்ணனை நீண்டுவிடும்.

இரண்டாவது தொடக்கம்: பயிற்சி ஆசிரியை அசெம் முதலில் காதைக் கிழிக்கும் டிஸ்கோதான் போட்டாள். அறுபது வயது குல்யாஷ் மறுநாளே ஒரு பென்டிரைவை நீட்டினாள். இறந்துபோன கணவர் தோம்ப்ராவில் வாசித்த செவ்வியல் இசை, பன்னிரண்டு பதிவுகள்.

"இதப் போடுடி. குதிரை ஓடுற மாதிரி இருக்கும். அந்த மனுஷன் இருந்தவரைக்கும் வீட்டுல ஒரு வேலைக்கும் ஒதவல. இப்பவாவது என் இடுப்பக் குறைக்கட்டும்."

சிரித்தோம்.

"ஆனா பதினொண்ணோட நிறுத்திடு."

"ஏன்க்கா?"

"கடைசி, சாவு சொல்றதுக்கு வாசிக்கிறது."

(எங்கள் பக்கம் பெற்றவளிடம் சாவுச் செய்தியை யாரும் எடுத்த எடுப்பில் போட்டு உடைப்பதில்லை. பெரியவர்கள் கூடி வந்துதான் சொல்வார்கள். அவர்களுக்கும் வாய் வராத வீடுகளில் தோம்ப்ரா சொல்லும். அதற்குக் குல்யாஷின் கணவரைத்தான் கூப்பிடுவார்கள். வாசித்துவிட்டு வந்தால் இரண்டு நாள் சாப்பிடமாட்டாராம்.)

3

ஐந்து மாதம் பதினொன்றோடு நின்றது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதாவது ஓடிக்கொண்டிருந்தபோது அசெமுக்குப் போன் வந்தது. குல்யாஷின் கொழுந்தன்.

"சுரங்கத்துல விபத்தும்மா. அண்ணியோட பையன் போயிட்டான். பெரியவங்களக் கூட்டிக்கிட்டு வந்துக்கிட்டே இருக்கோம். அதுவரைக்கும் அவங்கள வெளிய விட்டுடாத. நீயும் வாயத் தொறந்துடாத."

குல்யாஷுக்குப் பிள்ளைகள் இரண்டு: தாமிர், எர்போல். ஒரே சுரங்கம், ஒரே ஷிப்ட். எந்தப் பிள்ளை என்று அவர் சொல்லவில்லை. அசெமுக்குக் கேட்கத் துணிவில்லை.

சிரித்த முகத்தோடு திரும்பி வந்தாள். அந்தச் சிரிப்பு ஒரு [மூன்று முறை எழுதினேன், வரவில்லை. விடுகிறேன்.]

பதினொன்று முடிந்தது. துண்டை எடுக்கப் போனோம்.

"இன்னும் பத்து. எல்லாரும் கையத் தூக்குங்க."

"என்னடி, இன்னிக்கு ஆளக் கொல்லப் பாக்குறியா?" என்றாள் குல்யாஷ்.

"பத்தே பத்துக்கா. உங்களுக்காகத்தான்."

பன்னிரண்டாவது தானாகத் தொடங்கியது.

4

இந்த இடத்தில்தான் அசெமை நம்பமுடியவில்லை. பதற்றத்தில் நிறுத்த மறந்தாளா? சொல்லக்கூடாததைச் சொல்ல அவளுக்கு வேறு வழி தெரியவில்லையா? கைப்பிரதியை அவளிடமே கொடுத்தேன். இந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தாள்.

"மறந்துட்டான்னே எழுதுங்கக்கா."

எழுதிவிட்டேன்: மறந்துவிட்டாள்.

(ஸ்பீக்கர் இருந்தது கடைசி வரிசையின் ஓரத்தில், என் கைக்கெட்டும் தூரத்தில். நானும் நிறுத்தவில்லை.)

5

குல்யாஷின் கைகள் மேலே இருந்தன. ஊரில் எத்தனையோ தாய்மார்களுக்குச் சாவு சொன்ன மனிதர், தன் மனைவிக்கு வாசித்துக்கொண்டிருந்தார். அவள் முழுக் கவனத்தோடு கேட்டாள். பிறகு, கையை இறக்காமலே அசெமைப் பார்த்தாள்.

"எந்தப் பிள்ளைடி?"

தோம்ப்ராவுக்குப் பெயர் சொல்லத் தெரியாது.

6

ஒரு முடிவு: போன் தப்பு. கரி பூசிய முகத்தோடு இருவரும் வாசலில் வந்து நிற்கிறார்கள். எழுதினேன், கிழித்தேன். குல்யாஷ் இப்போதும் மூன்றாவது மாடியில்தான் இருக்கிறாள்; இதைப் படித்தால் காறித் துப்புவாள்.

இன்னொரு முடிவு: பெயரை எழுதிவிடுவது. 'தாமிர்' என்று எழுதியதும் எர்போல் பிழைத்தான் என்று எனக்கு ஒரு கணம் நிம்மதி வந்தது. அடித்துவிட்டு 'எர்போல்' என்று எழுதினேன். அப்போதும் வந்தது. அழுதுவிட்டேன். அன்று அந்தத் தாய்க்கும் அந்த நிம்மதி வந்திருக்கும். அதற்காகத் தன்னை அவள் எப்படி மன்னித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

எனவே பெயரை எழுதப்போவதில்லை. பன்னிரண்டாவது பதிவு ஏழு நிமிடம். பெரியவர்கள் படியிறங்கி வந்து வெளியே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார்கள். குல்யாஷ் அக்காவின் கை இன்னும் மேலேதான் இருக்கிறது.

நான் கதவைத் திறக்கமாட்டேன். மனம் வந்தால் நீங்கள் திறந்துவிடுங்கள்.