இன்னும் ஒரு விசில்

விரலிடுக்கில் ஒரு பருப்பை நசுக்கிப் பார்த்துவிட்டு, "வேகல ஆத்தா, இன்னும் ஒரு விசில் விடு" என்றான் விஜயகுமார். அந்த விசில் வருவதற்குள் மேகமலைக்குச் சாமான் ஏற்ற ஆட்கள் வந்து கூப்பிட்டுவிட்டார்கள். மோர்ச்சோறு மட்டும் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான். மலை ரோட்டில் அன்று நல்ல மழை. வண்டி பள்ளத்தில் கிடக்கிறது என்று சேதி வந்தபோது சின்னமனூர் வீட்டில் பருப்பு குழைந்து, ஆறிப்போயிருந்தது. மகன் திரும்பவில்லை.

இரண்டு வருடம் போயிற்று. வீட்டில் பஞ்சம்மாளும் மருமகள் ஜோதிகாவும் மட்டும். ஜோதிகா கல்யாணத்துக்கு முன்பே நர்சுக்குப் படித்தவள். இந்த ஆனியில் அவளுக்கு அரசாங்க வேலை வந்தது. வந்த இடம்தான் வில்லங்கம். ராமநாதபுரம் தாண்டி, கடலோரத்தில் ஒரு சின்ன ஊர், ஆரம்ப சுகாதார நிலையம்.

"நீங்க வேண்டாம்னா போகல அத்தை" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். அப்படிச் சொன்னதுதான் பஞ்சம்மாளுக்குப் பாரமாகிவிட்டது. இவளும் போனால் வீட்டில் பேச்சுத் துணைக்குச் சுவர்தான். போகாதே என்று சொல்லவோ வாய் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் வேண்டும். நாலு பேர் கேட்டாலும் நியாயம் என்று சொல்கிற காரணம்.

முதலில் ஊரைப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பினார்கள். தேனியில் ஒரு பஸ் மாறி மதுரை வந்தார்கள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இட்லிப் பொட்டலத்தை எடுக்க அத்தையின் பையைத் திறந்த ஜோதிகா, உள்ளே ஒரு டப்பா நிறையத் துவரம்பருப்பைப் பார்த்தாள்.

"என்ன அத்தை, கடலுக்குச் சீர் கொண்டு போறீகளா?"

"குடிபோற ஊர்த் தண்ணியில பருப்பு வேகுதான்னு பாக்க வேண்டாமா? வேகாத தண்ணி வயித்துக்கு ஆகாது."

விளையாட்டில்லை அது. பண்ணைப்புரத்திலிருந்து பஞ்சம்மாளைக் கட்டிக்கொடுக்கும் முன் அவள் அப்பா சின்னமனூர்த் தண்ணீரில் பருப்பை வேகவைக்கச் சொல்லி, தின்று பார்த்துவிட்டுத்தான் வெற்றிலை மாற்றினார். கடலோரத்து உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது பஞ்சம்மாளுக்கு நிச்சயம். அதை மட்டும் அவள் சொல்லவில்லை.

ராமநாதபுரத்தில் டவுன் பஸ் ஏறினார்கள். கண்டக்டர் பெண்களுக்கான காசில்லாத டிக்கெட்டைக் கொடுத்தார். கடலையும் சும்மாதான் காட்டுவார்களா என்று பஞ்சம்மாள் கேட்டதற்கு, பார்க்கச் சும்மா, குளித்தால்தான் காசு என்றார் அவர். பஸ் ஊருக்கு ஊர் நின்றது. காற்றில் வெளுத்த மாதா கோயில், கருவாட்டுக் கூடையோடு ஏறும் பெண்கள், மணலில் கவிழ்த்துப்போட்ட படகுகள், ஆளரவமில்லாத கடைத்தெரு, மறுபடியும் பனைகள். பிறந்ததிலிருந்து இரண்டு பக்கமும் மலையைப் பார்த்த கண்ணுக்கு இங்கே சாய்ந்துகொள்ள ஒன்றுமில்லை. வெறிச்சென்று கிடந்தது வானம்.

ஜோதிகாவுக்குப் பேசி வைத்திருந்தது ஜெஸ்லின் வீட்டுப் பின்கட்டு அறை. ஜெஸ்லின் படகுகளுக்கு ஐஸ் விற்கிறவள். வீட்டின் கொல்லைக்கு அப்பால் கடல். பஞ்சம்மாள் பருப்பு டப்பாவை நீட்டி விஷயத்தைச் சொன்னதும், மறுபேச்சில்லாமல் குக்கரைக் கழுவிக் கொடுத்தாள். பஞ்சம்மாள் தானே கிணற்றில் இறைத்து, டப்பாவில் பாதியைப் போட்டாள். விசில்கள் வந்தன. திறந்து, ஒன்றை எடுத்து நசுக்கினாள். கூழாங்கல் மாதிரி விரலை விட்டு வழுக்கி ஓடியது.

காரணம் கிடைத்துவிட்டது.

ஜோதிகாவும் ஒன்றை நசுக்கிப் பார்த்தாள். "வேகல அத்தை. கிளம்புவோம். இப்பப் போனா மதுர பஸ்ஸைப் பிடிச்சிரலாம்" என்றாள். குரலில் குறையே தெரியவில்லை. கால் நனைத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கொல்லைப் படலைத் திறந்து போனாள். பஞ்சம்மாள் வாசற்படியில் நின்று பார்த்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் தண்ணீரை நோக்கி நடந்தாள். அலை கணுக்காலில் மோதியதும் பின்னால் துள்ளி, தனக்குத்தானே சிரித்தாள். விஜயகுமார் இருந்தபோது அடுப்படியில் கேட்ட சிரிப்பு. இரண்டு வருடமாகச் சின்னமனூர் வீட்டில் அது கேட்கவில்லை.

பஞ்சம்மாள் உள்ளே வந்து குக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, நீங்க எந்தத் தண்ணியில வேக வைக்கிறீக?"

ஜெஸ்லின் சிரித்தாள். "கிணத்துல இறைக்கயிலயே சொல்லலாம்னு பாத்தேங்க்கா. மாமியாருக்கு வேகாம இருக்கிறதுதான் தோது போலன்னு விட்டுட்டேன்."

குட்டு வெளிப்பட்டதில் பஞ்சம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு ஜெஸ்லின் பின்னால் நடந்தாள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், பனைகளுக்கு நடுவே மணலில் தோண்டிய ஊற்று. கசிந்து நிற்கும் தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்ற வேண்டும். பஞ்சம்மாள் உள்ளங்கையில் ஏந்திக் குடித்தாள். ஊரில் குடிக்கும் முல்லையாற்றுத் தண்ணீர் போல இல்லை. ஆனால் உப்பு இல்லை. இன்னொரு கை குடித்தாள்.

மீதிப் பருப்பு அடுப்பில் ஏறியது. ஈரக் காலோடு வந்த ஜோதிகா குடத்தையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜெஸ்லின் அடுப்பை அணைக்கக் கையை நீட்டினாள்.

"இரும்மா. இன்னும் ஒரு விசில்" என்றாள் பஞ்சம்மாள்.

ஜோதிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விசில் வந்தது. ஆவி அடங்கித் திறந்தபோது, நசுக்க வேண்டிய தேவையே இல்லாமல் பருப்பு மலர்ந்திருந்தது. ஆனாலும் பஞ்சம்மாள் ஒன்றை நசுக்கினாள்.

"ஒண்ணாந்தேதி வந்து சேந்துக்க ஆத்தா. ஊத்துக் குடத்த ஒத்தையில தூக்காத. பருப்பு நான் கொண்டாருவேன்."

திரும்பும் பஸ்ஸில், பரமக்குடி தாண்டும் முன்பே அத்தையின் தோளில் சாய்ந்து ஜோதிகா தூங்கிப்போனாள். பஞ்சம்மாள் ஜன்னலோரமாக உட்கார்ந்து, வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இப்போதெல்லாம் ஒரு மாதம் பஞ்சம்மாள் அங்கே போகிறாள், மறுமாதம் ஜோதிகா இங்கே வருகிறாள். டவுன் பஸ் கண்டக்டருக்குப் பஞ்சம்மாளின் பை தெரியும், பருப்பு வந்துவிட்டதா என்று கேட்கிறார். சின்னமனூரில் இருப்பது பழைய குக்கர், கடலோரத்தில் இருப்பது புதுசு. இரண்டிலும் பருப்புக்கு ஒரு விசில் கூடுதலாகத்தான் விடுகிறார்கள்.