இரண்டாவது கப்

ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் அடக்கத்துக்காகத் தெருமுனை திரும்பியாயிற்று. முனவர் பேகம் மட்டும் வீட்டுக்குப் பின்னால் துவைகல்லடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புருஷனின் படுக்கை விரிப்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் காப்பிக் கறை.

"இதை இப்பத்தான் தொவைக்கணுமா? உள்ள வா முனவரு," என்று பக்கத்து வீட்டு நாராயணம்மா தோளைத் தொட்டாள்.

"கறை போவட்டும்க்கா, வரேன்."

எங்கே போகிறது! காலையில் அவள் வாயிலிருந்து வந்த வார்த்தையும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

புருஷன் கௌஸ் பாஷாவுக்குக் காப்பி என்றால் உயிர். மூக்கண்டப்பள்ளிக்குப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் கேண்டீன் வேலை. மெஷின் பூட்ட வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் காப்பி ஊற்றி ஊற்றியே கதை சேர்த்து வைத்திருந்தார் மனுஷன். பெங்களூரைத் தாண்டிப் போனவரில்லை. பேச்சு மட்டும் கப்பலேறிப் போகும். "இத்தாலிக்காரன் நின்னுக்கிட்டே ஒரே மொடக்கு, அவ்ளோதான் முனவரு. துருக்கிக்காரன் தூளோட கொதிக்க வச்சு, மண்டி அடங்கற வரைக்கும் காத்திருப்பான். சுவீடன்காரன் சக்கரைக்கட்டியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு உறிஞ்சறான்!"

ஞாயிற்றுக்கிழமையானால் அடுப்படியில் ஒரு நாடு. துருக்கி வைத்த அன்று வீட்டில் எல்லார் பல்லிலும் தூள். "ஆமா, துரை வந்துட்டாரு," என்று இவள் தலையில் அடித்துக்கொள்வாள். முழுசாகக் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. எந்த நாட்டுக் காப்பியானாலும் ஒரு கப்புதான். இன்னொன்றுக்கு நீட்டினால், "பித்தம் ஏறும், போங்க!" என்று விரட்டிவிடுவாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போயின. டாக்டர் காப்பியை நிறுத்தச் சொன்னார்; இவளும் பிடிவாதமாக நிறுத்தினாள். அவர் அடுப்படியையே பார்த்துக்கொண்டு கிடப்பார். இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இன்று காலை மூச்சு ஒரு தினுசாக இழுத்தது. இவளுக்கு மனசு கேட்கவில்லை. சின்னக் கப்பில் ஊற்றி இடது கையில் கொடுத்தாள். குடித்துவிட்டு நீட்டினார். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டாவது கப்பும் ஊற்றினாள். பாதி குடித்தவர், அவள் முகத்தையே பார்த்தபடி கப்பை இப்படியும் அப்படியும் ஆட்டினார். மிச்சமெல்லாம் விரிப்பில் கொட்டியது.

"ஆசையா ஊத்திக் குடுத்தா இப்பிடியா பண்ணுவீங்க? புடிக்கலைன்னா விட்டுத் தொலைங்க!"

துணி எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கோபத்தோடு போய்விட்டாரே, கடைசியில் திட்டி அனுப்பிவிட்டேனே பாவி! இதை யாரிடம் போய்ச் சொல்வாள்?

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். மூன்று நாளைக்கு இந்த வீட்டில் அடுப்பு எரியாது. நாராயணம்மாதான் பெரிய பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து ஒவ்வொருவருக்காக ஊற்றினாள். "சாலா?" போதுமா என்று கேட்க அவளுக்குத் தெலுங்குதான் வாயில் வரும், பதிலுக்குக் காத்திருக்காமல் மறுபடி ஊற்றிவிடுவாள். குவைத்துச் சண்டையில் ஒற்றைப் பெட்டியோடு ஓடி வந்தவன் முனவரின் தம்பி நசீருதீன். மூன்றாவது தடவை பிளாஸ்க் சாய்ந்தபோது அவன் காலிக் கப்பை இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்த முனவர் நிமிர்ந்தாள். "என்னடா பண்றே?"

"பழக்கம்க்கா. அங்க அரபிங்க வீட்டுல ஊத்திக்கிட்டே இருப்பாங்க. மனசு நெறஞ்சுது, போதும்னா இப்பிடி ஆட்டணும்." அவன் கப்பைக் கீழே வைத்தான். "மச்சான் கிட்ட சொன்னப்ப எப்பிடி சிரிச்சாரு! 'எனக்கும் ஒரு நாளு ஆட்டணும்னு ஆசைதான்டா, உங்கக்கா ரெண்டாவது கப்பு ஊத்துனாத்தானே?'ன்னாரு."

"ஊத்தினேன்டா," என்றாள் முனவர். "ஊத்தினேன்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை. தம்பி ஒன்றும் புரியாமல் கையைப் பிடித்துக்கொண்டான். ஓய்ந்ததும் நாராயணம்மா ஒரு கப்பை அவள் கையில் திணித்தாள். முனவர் அடிவரைக்கும் குடித்தாள்.

"சாலா?"

முனவர் கப்பை ஆட்டவில்லை. அப்படியே நீட்டினாள்.